மூன்று ஃபேஸ் மோட்டார் எத்தனை ஆம்ப்ஸ் எடுக்கிறது? டாங் டெஸ்டர் பிடித்து அளக்கும் முழு முறை

"மோட்டார் 16 ஆம்ப்ஸ் எடுக்குது, அதிகமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது நான்கு விஷயங்கள். எந்த ஃபேஸில் 16? எந்த இடத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்? அப்போது வோல்டேஜ் எவ்வளவு? மோட்டார் என்ன வேலை செய்துகொண்டிருந்தது? பெரும்பாலும் நான்குக்கும் பதில் இருக்காது. டாங் டெஸ்டரை (வயரைக் கவ்விப் பிடித்துக் கரன்ட்டை அளக்கும் மீட்டர்) வயரில் மாட்டி எண்ணைப் படிக்க 10 நொடி போதும். அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் நாளாகும். அதனால் இந்த வழிகாட்டியில் மீட்டரைப் பற்றிக் கொஞ்சமும், மீட்டருக்கு வெளியே இருப்பதைப் பற்றி நிறையவும் வரும்.

முதலில் நேம் பிளேட்

மீட்டரைக் கையில் எடுக்கும் முன்பு மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்துப் படியுங்கள். கிரீஸும் தூசியும் படிந்து, போதாததற்கு மேலே பெயின்ட்டும் அடித்து வைத்திருப்பார்கள். குறித்துக்கொள்ள வேண்டியவை: கிலோவாட் அல்லது ஹெச்.பி., வோல்டேஜ், ஃபுல் லோடு ஆம்ப்ஸ், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரன்ட்டில் வேலைக்குப் பயன்படும் பங்கு), எஃபிஷியன்சி, ஆர்.பி.எம்., ஸ்டாரா டெல்டாவா (மோட்டாரின் மூன்று வைண்டிங்கை, அதாவது கம்பிச் சுருள்களை, இணைக்கும் இரண்டு முறைகள்) என்பது.

சில பிளேட்டில் இரண்டு வோல்டேஜும் இரண்டு ஆம்ப்ஸும் இருக்கும். 230/400 வோல்ட், 24/14 ஆம்ப்ஸ் என்பது போல. குறைந்த வோல்டேஜுக்கு அதிக ஆம்ப்ஸ், அது டெல்டா இணைப்புக்கு. அதிக வோல்டேஜுக்குக் குறைந்த ஆம்ப்ஸ், அது ஸ்டாருக்கு. 400 வோல்ட்டில் ஓடும் மோட்டாரை 24 ஆம்ப்ஸோடு ஒப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று போனால், அது எரிந்த பிறகுதான் தவறு தெரியும்.

பிளேட்டே இல்லை என்றால் கணக்குப் போடலாம். வாட்ஸை எடுத்து, 1.732, வோல்டேஜ், பவர் ஃபேக்டர், எஃபிஷியன்சி நான்கையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 7.5 கிலோவாட், அதாவது 10 ஹெச்.பி. மோட்டார், 415 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.85, எஃபிஷியன்சி 0.88 என்று வைத்துக்கொள்வோம். 1.732 × 415 × 0.85 × 0.88 என்பது சுமார் 538. 7500-ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 14 ஆம்ப்ஸ். அவசரத்துக்கு ஹெச்.பி.க்கு 1.4 ஆம்ப்ஸ் என்று வாய்க்கணக்குப் போடுவதும் இதிலிருந்து வந்ததுதான். அது 415 வோல்ட்டுக்கு மட்டும் பொருந்தும். 1, 2 ஹெச்.பி. மோட்டார்களில் ஹெச்.பி.க்கு இதைவிடக் கூடுதலாகவே எடுக்கும்.

இனி வரும் உதாரணங்களுக்கும் இந்த 14 ஆம்ப்ஸ் மோட்டாரையே வைத்துக்கொள்வோம்.

எந்த மீட்டர்

கிளாம்ப் மீட்டர், நம் வாயில் டாங் டெஸ்டர். வயரைக் கழற்றாமல், அதைச் சுற்றி வாயை மூடினாலே அளந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் புரோபைச் செருகி, மோட்டார் வயரோடு வரிசையில் இணைத்து அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் இழுக்கும் கரன்ட்டை அந்த ஃபியூஸ் தாங்காது, மலிவான மீட்டர் என்றால் கையிலேயே வெடிக்கும். 10 ஆம்ப்ஸில் புரோப் இருக்கும்போதே மறந்துபோய் வோல்டேஜ் பார்க்கக் கை வைத்தால், நேராக ஷார்ட் சர்க்யூட்.

டாங் டெஸ்டரில் மூன்று விஷயம் பாருங்கள். கேட் 3, 600 வோல்ட் என்ற பாதுகாப்புக் குறி அதில் இருக்க வேண்டும். ட்ரூ ஆர்.எம்.எஸ். வகையாக (கரன்ட்டின் அலை வடிவம் சிதைந்திருந்தாலும் சரியாக அளப்பது) இருந்தால் நல்லது, டிரைவ், அதாவது வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி, வைத்த மோட்டார் என்றால் அது கட்டாயம். மூன்றாவது, ரேஞ்ச். இதை யாரும் கவனிப்பதில்லை. மீட்டரின் துல்லியம் 2 சதவீதம் கூட்டல் 5 டிஜிட் என்று போட்டிருந்து, கடைசி இலக்கம் 0.1 ஆம்ப்ஸ் என்றால், 3 ஆம்ப்ஸ் அளக்கும்போது 0.06 போக, டிஜிட் கணக்கில் 0.5 வரை தவறலாம். 3 என்று காட்டுவது உண்மையில் 2.5 ஆகவும் இருக்கலாம், 3.5 ஆகவும் இருக்கலாம். சின்ன மோட்டாருக்கு ஒரு வழி உண்டு. சப்ளையை நிறுத்திவிட்டு, அந்த வயரையே மீட்டரின் வாய்க்குள் 5 சுற்று சுற்றுங்கள். மீண்டும் ஓடவிட்டு, வரும் எண்ணை 5-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வாய்க்குள் வயர் எத்தனை முறை போகிறதோ அதுதான் சுற்றுக்கணக்கு, வெளியே எத்தனை வளைவு தெரிகிறது என்பதல்ல.

கை பத்திரம்

திறந்த பேனலுக்குள் மின்சாரம் ஓடும்போதே கை விடும் வேலை இது. பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரை வைத்தே செய்யுங்கள். மோதிரம், வாட்ச், செயின் கழற்றியாக வேண்டும். இன்சுலேட்டட் கையுறை, ரப்பர் மேட், கண்ணாடி. மீட்டரைப் பிடிக்கும் கை அதன் விரல் தடுப்பைத் தாண்டக் கூடாது. வயர்கள் நெருக்கமாகக் கட்டியிருந்து வாய் நுழையவில்லை என்றால், ஓடும்போது ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். மெயினை ஆஃப் செய்து பூட்டி, வோல்டேஜ் இல்லை என்று மீட்டரில் பார்த்துவிட்டு வயரைப் பிரித்து வையுங்கள். அப்புறம் ஆன் செய்து அளக்கலாம்.

எங்கே பிடிப்பது

ஒரே ஒரு ஃபேஸ் வயரை மட்டும் பிடிக்க வேண்டும். மூன்று வயரும் சேர்ந்த கேபிளை அப்படியே வாய்க்குள் விட்டால், மோட்டார் முழு லோடில் ஓடினாலும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். மூன்று ஃபேஸ் கரன்ட்டையும் கூட்டினால் எந்த நொடியிலும் பூஜ்யம்தான் வரும் என்பதால், ஒன்றின் காந்தப்புலத்தை மற்ற இரண்டும் சேர்ந்து அடித்துவிடும். அப்படிப் பிடித்தும் ஏதாவது எண் வந்தால் அது லீக்கேஜ், அதாவது எங்கோ எர்த்துக்குப் போகும் கரன்ட். அதற்கென்றே தனியாக அளப்பவர்களும் உண்டு.

நேரடி ஸ்டார்ட்டர், அதாவது டி.ஓ.எல். என்றால் இடம் பெரிய பிரச்சினை இல்லை. ஓவர்லோடு ரிலேயிலிருந்து (கரன்ட் வைத்த அளவைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் எதைப் பிடித்தாலும் லைன் கரன்ட்டே.

மோட்டாரை ஸ்டாரில் கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில்தான் நிறையப் பேர் விழுவார்கள். நானும் விழுந்தேன். தொழில் கற்ற புதிதில் இதே போன்ற ஒரு 14 ஆம்ப்ஸ் மோட்டாரில், ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஆறு வயரில் ஒன்றைப் பிடித்தேன். 8 ஆம்ப்ஸ் காட்டியது. பாதி லோடில்தான் ஓடுகிறது என்று நினைத்து, ரிலேயை நேம் பிளேட்டில் உள்ளபடி 14-இல் வைத்துவிட்டு வந்தேன். சில வாரத்தில் வைண்டிங் எரிந்தது.

நடந்தது இதுதான். டெல்டாவில் ஓடும்போது அந்த ஆறு வயரிலும் போவது வைண்டிங் கரன்ட். அது லைன் கரன்ட்டை 1.732-ஆல் வகுத்தது, அதாவது 0.58 பங்கு. 8 ஆம்ப்ஸ் என்றால் லைனில் 13.9. மோட்டார் அப்போதே முழு லோடில் ஓடிக்கொண்டிருந்தது. ரிலேயும் அதே வைண்டிங் பாதையில் இருந்ததால் அதை 14 × 0.58, சுமார் 8.1-இல் வைத்திருக்க வேண்டும். 14-இல் வைத்தது, லைனில் 24 ஆம்ப்ஸ் வரும்வரை கண்டுகொள்ளாதே என்று ரிலேயிடம் சொன்னதற்குச் சமம்.

ஆகவே ஸ்டார்-டெல்டாவில், மெயின் கான்டாக்டருக்கும் டெல்டா கான்டாக்டருக்கும் (ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் மின்காந்த சுவிட்சுகள்) சப்ளை பிரிவதற்கு முன்னால், பிரேக்கர் அல்லது ஃபியூஸிலிருந்து வரும் வயரில் பிடியுங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஆறில் ஒன்றைப் பிடித்து 1.732-ஆல் பெருக்குங்கள். ஸ்டார் நிலையில் இந்தப் பெருக்கல் கிடையாது, அங்கே வைண்டிங் கரன்ட்டும் லைன் கரன்ட்டும் ஒன்றே.

இன்னொரு பொறி, கெப்பாசிட்டர். பவர் ஃபேக்டருக்காக மோட்டாரோடு சேர்த்துக் கெப்பாசிட்டர் போட்டிருந்தால், அதற்கு முன்னால் சப்ளை பக்கம் அளக்கும் எண், மோட்டார் உண்மையில் எடுப்பதைவிடக் குறைவாக இருக்கும். நேம் பிளேட்டோடு ஒப்பிட வேண்டும் என்றால் கெப்பாசிட்டரைத் தாண்டி, மோட்டார் பக்கம் பிடிக்க வேண்டும்.

அளக்கும் வரிசை

1. மோட்டாரை அதன் வழக்கமான வேலையில் ஓடவிட்டு 15 நிமிடமாவது காத்திருங்கள். கிரீஸ் கெட்டியாக இருக்கும் கியர்பாக்ஸ் காலையில் கூடுதலாக இழுக்கும். அது அன்றைய உண்மையான எண் அல்ல.

2. மீட்டரை ஏ.சி. ஆம்ப்ஸில், எதிர்பார்க்கும் எண்ணைவிடப் பெரிய ரேஞ்சில் வையுங்கள். பலவற்றில் ஏ.சி., டி.சி. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும், திரையில் எந்தக் குறி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. மூன்று ஃபேஸுக்கும் ஆர், ஒய், பி என்று பெயர். ஆர் ஃபேஸ் வயரை வாயின் நடுவில், வயரும் வாயும் குறுக்காக இருக்கும்படி பிடியுங்கள். வாய் முழுதாக மூடியதா என்று பாருங்கள். இரண்டு முனைகளுக்கு இடையில் துளி அழுக்கு இருந்தாலும் எண் குறையும். பக்கத்து வயர் வாயின் வெளிப்புறத்தை உரசிக்கொண்டு நிற்கக் கூடாது.

4. எண் நிலைத்ததும் எழுதுங்கள். அதே போல ஒய், பி. மூன்றுக்கும் நடுவில் லோடு மாறக் கூடாது. மாறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் மறுபடி ஆர் ஃபேஸைப் பிடித்துப் பாருங்கள், முதல் எண்ணே வர வேண்டும்.

5. அதே நேரத்தில் ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர் என மூன்று வோல்டேஜும் எடுங்கள். ஸ்டார்ட்டரின் உள்ளே வரும் முனையில் எடுப்பதைவிட மோட்டாருக்குப் போகும் முனையில் எடுப்பது மேல். தேய்ந்த கான்டாக்டில் விழும் வோல்டேஜும் அப்போது கணக்கில் வந்துவிடும்.

6. லோடு என்ன என்று எழுதுங்கள். பம்ப் என்றால் வால்வு எவ்வளவு திறந்திருந்தது, பிரஷர் எவ்வளவு. மிக்ஸர் என்றால் உள்ளே எவ்வளவு சரக்கு.

முடிந்தால் கப்ளிங் அல்லது பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரையும் ஒருமுறை அளந்து வையுங்கள். லோடு இல்லாமலே பல மோட்டார்கள் ஃபுல் லோடு ஆம்ப்ஸில் 25 முதல் 50 சதவீதம் வரை எடுக்கும், சின்ன மோட்டாரில் இன்னும் கூட. காந்தப்புலத்தை உண்டாக்கவே அவ்வளவு வேண்டும். இந்த எண்ணின் அருமை கீழே தெரியும்.

ஸ்டார்ட்டிங் கரன்ட்

டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் ஃபுல் லோடு ஆம்ப்ஸைப் போல 6 முதல் 8 மடங்கு வரை இழுக்கும். நம் மோட்டாரில் 84-லிருந்து 112 வரை. ஸ்டார் இணைப்பில் அதில் மூன்றில் ஒரு பங்கு. சாதாரணத் திரை நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் மாறும் என்பதால் இந்த எண் கண்ணில் சிக்காது. இன்ரஷ் என்ற பட்டன் உள்ள மீட்டர் வேண்டும். வயரைப் பிடித்து, இன்ரஷ் அழுத்தி, பிறகு மோட்டாரை ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிரேக்கர் ஸ்டார்ட்டிங்கில் மட்டும் விழுகிறது என்ற புகார் வந்தால் இதைப் பாருங்கள், மற்ற நாளில் தேவையில்லை.

மூன்றும் சமமாக இல்லை என்றால்

ஆர் 13.1, ஒய் 15.6, பி 13.6 என்று வந்தது. மூன்றின் சராசரி 14.1. சராசரியிலிருந்து அதிகம் விலகியது ஒய், 1.5 ஆம்ப்ஸ். 1.5-ஐ 14.1-ஆல் வகுத்தால் 10.6 சதவீதம். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 10-ஐத் தொட்டால் காரணம் தெரியாமல் விடமாட்டேன்.

உடனே "வைண்டிங் போச்சு" என்று மோட்டாரைக் கழற்றி அனுப்பிவிடுவதுதான் வழக்கம். முதலில் எழுதி வைத்த வோல்டேஜைப் பாருங்கள். 415, 411, 405 என்று இருக்கிறது. இதன் சமமின்மை 1.3 சதவீதம்தான். ஆனால் வோல்டேஜில் வரும் சமமின்மை கரன்ட்டில் 6 முதல் 10 மடங்காகத் தெரியும். 1.3 சதவீத வோல்டேஜ் வித்தியாசமே 8 முதல் 13 சதவீதம் வரை கரன்ட் வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். மோட்டார்மேல் குற்றமே இல்லாமல் இருக்கலாம்.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. சப்ளையை ஆஃப் செய்து பூட்டிவிட்டு, மோட்டாரின் மூன்று வயரையும் ஒவ்வொரு இடம் தள்ளி மாட்டுங்கள். முன்பு ஆர்-இல் இருந்த வயர் ஒய்-க்கு, ஒய்-இல் இருந்தது பி-க்கு, பி-யில் இருந்தது ஆர்-க்கு. மூன்றையும் சேர்த்துத் தள்ளுவதால் சுற்றும் திசை மாறாது. இரண்டை மட்டும் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், பம்ப் என்றால் வம்பு. ஸ்டார்-டெல்டா மோட்டாரில் ஆறு வயர் இருப்பதால், ஸ்டார்ட்டருக்கு உள்ளே வரும் சப்ளை வயர்களைத் தள்ளுவது எளிது.

இப்போது மறுபடி அளங்கள். அதிகக் கரன்ட் இன்னும் ஒய் லைனிலேயே நிற்கிறதா? அப்படியானால் கோளாறு சப்ளையில்: தளர்ந்த லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு), கருகிய கான்டாக்ட், ஒரு ஃபேஸில் மட்டும் ஏற்றிய சிங்கிள் ஃபேஸ் லோடு. அதிகக் கரன்ட் வயரோடு சேர்ந்து பி லைனுக்கு நகர்ந்துவிட்டதா? அப்படியானால் கோளாறு மோட்டார் பக்கம். கேபிளையும் டெர்மினல் பாக்ஸில் உள்ள இணைப்புகளையும் பார்த்துவிட்டு, பிறகு வைண்டிங்கைச் சந்தேகப்படலாம்.

ஒரு ஃபேஸில் பூஜ்யம், மற்ற இரண்டில் வழக்கத்தைவிட ஒன்றேமுக்கால் மடங்கு என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், நிறுத்துங்கள். ஒரு ஃபேஸ் போய்விட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபேஸ் போனால் மோட்டார் நிற்காமல் முனகிக்கொண்டே ஓடும், உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

மூன்றும் சமம், ஆனால் எண் சரியில்லை

மூன்றும் சேர்ந்து கூடியிருந்தால் லோடு கூடியிருக்கிறது, இல்லையென்றால் வோல்டேஜ் குறைந்திருக்கிறது. லோடு உள்ள மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்தால் அதே வேலைக்கு அதிக ஆம்ப்ஸ் இழுக்கும். வோல்டேஜ் மிகவும் கூடினாலும் இரும்புக்கோர் நிறைந்துபோய்க் காந்தக் கரன்ட் ஏறும். பேரிங் இறுகியிருந்தால் கையால் தண்டைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும், சப்ளையைப் பூட்டிவிட்டுத்தான்.

சென்ட்ரிஃபியூகல் பம்பில் ஒரு வேடிக்கை உண்டு. டெலிவரி வால்வை மூடினால் ஆம்ப்ஸ் ஏறும் என்றே பலர் நினைப்பார்கள். இறங்கும். தண்ணீர் நகராததால் வேலை குறைகிறது. ஆம்ப்ஸ் திடீரென்று குறைந்தால் மகிழ்ச்சி அடையாமல், தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்: காற்று இழுக்கலாம், கிணறு வற்றியிருக்கலாம், கப்ளிங் உடைந்திருக்கலாம். பிஸ்டன், கியர் வகைப் பம்புகளில் கதை நேர்மாறு. அங்கே வால்வை மூடினால் பிரஷரும் ஆம்ப்ஸும் ஏறிக்கொண்டே போகும்.

எண் நிலைக்காமல் 12.8, 13.9, 13.1 என்று ஆடிக்கொண்டே இருந்தால், லோடே அப்படி ஏறி இறங்குவதா என்று முதலில் பாருங்கள். பிஸ்டன் கம்ப்ரஸர் அப்படித்தான். லோடு சீராக இருந்தும் மூன்று ஃபேஸிலும் ஆடினால் ரோட்டரில், அதாவது சுற்றும் பகுதியில், உள்ள பார் உடைந்திருக்கலாம்.

இன்னொரு தவறான கணக்கு: 14 ஆம்ப்ஸ் மோட்டார் 9 ஆம்ப்ஸ் எடுக்கிறது, ஆகவே 64 சதவீத லோடு. இல்லை. லோடு இல்லாமலே 6 ஆம்ப்ஸ் எடுக்கும் மோட்டார் அது என்றால், அந்த 6 எப்போதும் உள்ளே இருக்கிறது, வேலை செய்யும் கரன்ட்டுக்குச் செங்கோணத்தில். 9-இன் வர்க்கம் 81, 6-இன் வர்க்கம் 36, கழித்தால் 45, வர்க்கமூலம் 6.7. முழு லோடில் 196-இலிருந்து 36 போக 160, வர்க்கமூலம் 12.6. 6.7-ஐ 12.6-ஆல் வகுத்தால் 53 சதவீதம். இதுவும் தோராயம்தான், ஆனால் 64-ஐவிட உண்மைக்குப் பக்கம். கப்ளிங்கைக் கழற்றி அளந்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். பாதி லோடுக்குக் கீழே போனால் ஆம்ப்ஸை வைத்து லோடைச் சொல்வது வீண், வாட் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

பேனலில் சி.டி. இருந்தால்

பெரிய மோட்டார்களில் 200/5 என்பது போல சி.டி. (பெரிய கரன்ட்டைச் சிறிதாக்கிக் கொடுக்கும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) போட்டு, அதன் வழியாக அம்மீட்டர் வைத்திருப்பார்கள். அந்த அம்மீட்டரை நம்பாதபோது சி.டி.யின் மெல்லிய செகண்டரி வயரை டாங் டெஸ்டரால் பிடித்து, வரும் எண்ணை 40-ஆல் பெருக்கலாம். ஆனால் மோட்டார் ஓடும்போது அந்தச் செகண்டரி வயரை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். திறந்த முனைகளில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் ஏறும். அம்மீட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் செகண்டரியை ஷார்ட் செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

டிரைவ் வைத்த மோட்டார்

வி.எஃப்.டி., அதாவது டிரைவ், வழியாக ஓடும் மோட்டாரில் உள்ளே போகும் கரன்ட்டும் வெளியே வரும் கரன்ட்டும் வேறு வேறு. மோட்டார் மெதுவாக ஓடும்போது வெளியே 12 ஆம்ப்ஸ் போக, உள்ளே 4 மட்டுமே வரலாம். மீட்டர் பழுது அல்ல. வெளிப்பக்கம் வோல்டேஜ் குறைவு, உள்பக்கம் முழு வோல்டேஜ், அதனால் அதே பவருக்குக் குறைந்த கரன்ட் போதும். நேம் பிளேட்டோடு ஒப்பிட வேண்டியது வெளிப்பக்க எண்ணை. உள்பக்கக் கரன்ட் துண்டு துண்டாகப் போவதால் ட்ரூ ஆர்.எம்.எஸ். இல்லாத மீட்டர் அதைக் கணிசமாகக் குறைத்துக் காட்டும். வெளிப்பக்கத்திலும் சுவிட்சிங் இரைச்சல் கலந்திருக்கும், லோ பாஸ் ஃபில்டர் உள்ள மீட்டர் அங்கே உதவும். அது கையில் இல்லாதபோது நான் டிரைவின் திரையில் வரும் அவுட்புட் ஆம்ப்ஸையே எழுதிக்கொள்வேன், கூடவே எத்தனை ஹெர்ட்ஸில் எடுத்தேன் என்பதையும்.